நாலு மணிக்குத்தான் திறப்பேன்

ஆட்டாதீங்க அண்ணாச்சி. கேட்டை மட்டும் ஆட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். திட்டணும்னா திட்டிக்கிடுங்க. என்னை எத்தனையோ பேரு திட்டியிருக்காங்க, நான் ஒண்ணும் தேஞ்சு போயிடலை. ஆனா இந்தக் கம்பி கேட்டு ஆடுற சத்தம் இருக்கு பாருங்க, அது எனக்கு ஆகாது. கை லேசா நடுங்கும். சர்க்கரை இருக்கு, அதனாலன்னு நினைக்கேன்.

நாலு மணிக்குத்தான் பார்வை நேரம். இப்ப மூணேகால். ஒரு நோயாளிக்கு ஒரு மஞ்ச அட்டை, அந்த அட்டையை உங்க தம்பி சம்சாரம் வாங்கிட்டு உள்ள போயாச்சு. இனி நாலு மணிக்குத்தான் திறப்பேன். நீங்க கலெக்டரா இருந்தாலும் நாலு மணிதான். கலெக்டர் இங்க வர மாட்டாருன்னு வைங்க, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

இந்தாங்க, என் நாற்காலி. உக்காருங்க. ஒரு கால் ஆடும், அந்தப் பக்கம் சாயாதீங்க. தூக்குச்சட்டியை இப்படி நிழல்ல வைங்க. என்ன, கஞ்சியா? இன்னைக்கு ஒண்ணும் குடுக்க விட மாட்டாங்க அண்ணாச்சி, ஆபரேஷன் பண்ண வயிறு. சரி, கொண்டு வந்தது கொண்டு வந்தாச்சு.

கொஞ்சம் பொறுங்க. மேல போன் போட்டுக் கேக்கேன். ஹலோ, ஆம்பளைங்க வார்டா? ஜெபக்கனியா? நான்தான், வெயிலுமுத்து. நல்லா இருக்கியா? நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், எனக்கென்ன. குடல்வால் ஆபரேஷன் பையன், கழுகுமலைக்காரன், எப்படி இருக்கான்? சரி. சரி. அவனோட அண்ணன் வந்திருக்காரு. ஆமா, கொஞ்சம் கோவமாத்தான். இல்லம்மா, உக்கார வச்சுட்டேன். நீ பயப்படாத.

கேட்டீங்களா? உங்க தம்பி முழிச்சாச்சு. தண்ணி தண்ணின்னு கேக்கானாம். உதட்டை மட்டும் நனைச்சு விட்டிருக்காங்களாம். தண்ணி கேக்குறவன் நல்லாத்தான் இருக்கான் அண்ணாச்சி, மூச்சை விடுங்க. காலையில இருந்து உங்களுக்குப் போன்ல மூணு பேரு மூணு சேதி சொன்னாங்கன்னீங்களே, குடல்வாலு, வாயு, ஆபரேஷன் முடிஞ்சதுன்னு, அது தப்புதான். நான் ஒத்துக்கிடுதேன். எனக்கா இருந்தாலும் கோவம் வரும்.

இப்ப நான் செஞ்சேனே, இது ஒரு முறை பாத்துக்கிடுங்க. கோவமா வாரவங்களை முதல்ல உக்கார வைக்கணும். அடுத்தது, மேல இருந்து சேதி கேட்டு உடனே சொல்லணும். மூணாவது, பேசிக்கிட்டே இருக்கணும். நானே கண்டுபிடிச்ச முறை. அதாவது, ஜெபக்கனி சொன்னா, நான் கண்டுபிடிச்சேன். மூணாவதை மட்டும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம் வெயிலண்ணேன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. ஏன் சிரிச்சான்னு தெரியலை.

ஜெபக்கனி யாருன்னு கேக்கீங்களா? நல்ல ஆளு, அவளைத் தெரியாதா! அந்தா, மாடியில பச்சைத் திரை போட்ட ஜன்னல் இருக்குல்ல, நேரா நமக்கு மேல, அதுதான் ஆம்பளைங்க வார்டு. இன்னைக்கு அங்க டூட்டி நர்ஸ் அவதான். நாப்பத்தோரு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையா அந்த வார்டுல நிக்கா. நாலு மணிக்கு நான் கேட்டைத் திறந்ததும் ஒரு கூட்டம் மாடிக்கு ஏறும் பாருங்க, அந்தக் கூட்டத்தை நாப்பத்தோரு நாளா அவ பாக்கலை. இன்னைக்குப் பாத்தாகணும். அதான் எனக்குக் காலையில இருந்து ஒரே குஷி. சாப்பாட்டைக் கூடத் திறக்கலை, அவ்வளவு குஷி.

அவ மணிக்கு ஒரு தடவை அந்த ஜன்னலுக்கு வந்து கையைக் காட்டுதா. எதுக்குன்னு நினைக்கீங்க? நான் கேட்டுல இருக்கேனான்னு பாத்துக்கிடுதா, பாவம். பயந்த பொண்ணு. நான் இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் அவளுக்குத் தெம்பு. நானும் பதிலுக்கு விசிலை ஊதுவேன். பத்து மணிக்கு ஊதினப்போ ஆம்புலன்ஸ்காரன் வண்டியைப் பின்னால எடுத்துட்டான், யாரோ வழி சொல்லுதாங்கன்னு நினைச்சுட்டான். செவரு கொஞ்சம் உதிர்ந்தது. பெரிசா ஒண்ணுமில்லை.

நாப்பத்தோரு நாளைக்கு முன்னால என்ன நடந்ததுன்னு கேக்கீங்க. கேக்கலையா? சரி, நானே சொல்லுதேன்.

ஏழாம் நம்பர் கட்டில்ல ஒரு பெரியவர். மூச்சு வாங்குதுன்னு கொண்டு வந்து சேத்தாங்க. பையன் வெளியூர்ல மரக்கடையில வேலை பாக்கான். உங்களை மாதிரி நல்ல ஆகிருதி. மத்தியானம் ரெண்டரைக்கு, பார்வை நேரமே இல்லாத நேரத்துல, விறுவிறுன்னு மாடி ஏறிட்டான். நான் அந்த நேரம் பாத்து ஆம்புலன்ஸுக்கு வழி ஒதுக்கப் போயிருந்தேன். நான் மட்டும் இங்க இருந்திருந்தா கதையே வேற.

மேல போய்ப் பாக்கான். ஏழாம் நம்பர் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வச்சிருக்கு. பக்கத்துல ஜெபக்கனி அந்தப் பெரியவர் வேட்டியை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நிக்கா. கட்டில் காலி, மெத்தை சுருட்டியாச்சு, வேட்டி மடிச்சாச்சுன்னா நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்க? நீங்களே என்ன நினைப்பீங்க? அதேதான். அப்பாவைக் கொன்னுட்டீங்களாடின்னு ஒரு அறை. இடது கன்னத்துல. மரம் தூக்குற கை அண்ணாச்சி. அவ போய் ஜன்னல் கம்பியில விழுந்தா, நெத்தி கிழிஞ்சுடுச்சு. அப்புறம் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுற கம்பியை எடுத்து விளாச ஆரம்பிச்சுட்டான். மருந்துத் தட்டு, விளக்கு, தண்ணி ஜாடி, எல்லாம் போச்சு.

இதைக் கேளுங்க, இனிமேத்தான் இருக்கு. அப்பா எங்க இருந்தாருன்னா, கீழ எக்ஸ்ரே ரூம்ல. மூச்சை இழுத்துப் பிடிங்க தாத்தான்னு சொல்லியிருக்காங்க, இழுத்துப் பிடிச்சிருக்காரு. முடிஞ்சதும் சக்கர நாற்காலியில வச்சு லிஃப்ட்ல மேல கொண்டு வாராங்க. கதவு திறக்குது. மகன் தரையில உக்காந்து, என்னப் பெத்த அப்பான்னு நெஞ்சுல அடிச்சு அழுதுக்கிட்டு இருக்கான். பெரியவர் பாக்காரு. ஏல, யாருல செத்ததுன்னு கேக்காரு! எனக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துடும். நீங்களும் சிரிக்கீங்க பாருங்க. சிரிக்கலாம், தப்பில்லை. ஜெபக்கனியே சிரிச்சிருக்கா. ஆனா அன்னைக்கு இல்லை.

அன்னைக்கு அவ காதுல இருந்து ரத்தம் வந்தது. சவ்வு கிழிஞ்சு போச்சு. இடது காது இன்னைக்கு வரைக்கும் கேக்காது, உள்ள வண்டு பறக்குற மாதிரி இருக்குன்னு சொல்லுவா. அவகிட்டப் பேசணும்னா வலது பக்கமா நின்னு பேசணும்.

அதுக்கப்புறம் எங்க ஆஸ்பத்திரி அவளை எப்படித் தாங்குச்சுன்னு நினைக்கீங்க! எங்க பெரிய டாக்டர் இருக்காரே, தங்கமான மனுசன். நம்ம ஊழியர், நாமதான் பக்கபலமா நிக்கணும்னாரு. பத்தாம் நாள் அவ நெத்தித் தையலைப் பிரிச்சுட்டு வேற வார்டு டூட்டிக்கு வாரா, வாசல்ல பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ‘வீரமங்கை ஜெபக்கனி’ன்னு எழுதி, அவ போட்டோ. போட்டோ எங்க கிடைச்சதுன்னா, அவ கல்யாண ஆல்பத்துல இருந்து எடுத்திருக்காங்க. புருசனை வெட்டிட்டாங்க, ஆனா அவன் கை மட்டும் அவ தோள்ல அப்படியே இருக்கு. யார் கைன்னு தெரியாம ஒரு கை.

இதுல என்ன கூத்துன்னா, நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி வாசல்ல, சிரிச்ச முகமா, பூ வச்ச பொண்ணு போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வச்சா சனங்க என்ன நினைக்கும்? காலையில ஏழு மணியில இருந்து என்கிட்ட ஒரே துக்க விசாரணை. எத்தனை பிள்ளைங்க, சின்ன வயசாச்சேன்னு. சர்க்கரை பாக்க வந்த ஒரு அம்மா தலையில இருந்த பூவை எடுத்து ஃப்ளெக்ஸ்ல மாட்டிட்டு ஒரு சொட்டு கண்ணீரும் விட்டுட்டுப் போச்சு. ஜெபக்கனி வந்து தன் படத்துக்கு முன்னால நிக்கா. பூவைப் பாக்கா. என்னைப் பாக்கா. “வெயிலண்ணே, நான் எத்தனை மணிக்குப் போனேன்?”னு கேட்டா பாருங்க, ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். இந்த இடத்துலதான், இந்தத் தூண் பக்கத்துல. சிரிச்சு முடிச்சு எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு, அவதான் தண்ணி குடுத்தா.

அப்புறம் சால்வை. எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு, பெரிய டாக்டர் அவளுக்குச் சால்வை போட்டு, கை தட்டச் சொன்னாரு. நாங்களும் தட்டுனோம். வேற என்ன வேணும்மான்னு கேட்டாரு. வார்டு வாசல்ல ஒரு அழைப்பு மணி வேணும், பார்வை நேரத்துல ரெண்டாவதா ஒரு ஆள் கூட நிக்கணும், சொந்தக்காரங்களுக்கு ஒரே ஆள் ஒரே சேதியைச் சொல்லணும்னு ஜெபக்கனி சொன்னா. ரொம்ப நல்ல யோசனைம்மான்னு சொல்லி இன்னும் ஒரு தடவை கை தட்டச் சொன்னாரு. மணி போன வாரம் வந்துடுச்சு. ரெண்டாவது ஆளு வந்துக்கிட்டே இருக்காரு. மூணாவது விசயம்தான் உங்களுக்கே தெரியுமே, காலையில மூணு பேரு போன் பண்ணாங்களே.

அந்தப் பையன் வீட்டுல இருந்தும் வந்தாங்க. பழத்தட்டோட வந்து, போலீஸ் கேஸை வாபஸ் வாங்கும்மா, தெரியாமப் பண்ணிட்டான்னு கேட்டாங்க. பெரிய டாக்டருக்கும் அப்படி முடிஞ்சா நல்லதுதான்னு ஒரு எண்ணம், ஆஸ்பத்திரி பேரு பேப்பர்ல வரும்ல. அவ ஒரே பேச்சுதான் பேசுனா. “தாத்தா நல்லாயிருக்கட்டும், அவருக்கு நானே ஊசி போடுதேன். கேஸு இருக்கட்டும். அடுத்த சிஸ்டர் மேல கை வைக்கும்முன்ன ஒருத்தனாவது யோசிக்கணும்.” பழத்தட்டைத் திருப்பிக் குடுத்துட்டா. பயந்த பொண்ணுன்னு சொன்னேன்ல, சில நேரம் இப்படியும் பேசுவா.

அப்புறம் திருநெல்வேலியில இருந்து ஒரு மேடத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. மனசு ஆறுறதுக்கு வகுப்பு எடுக்கிற மேடம். அன்னைக்கு டூட்டியில இருந்த அத்தனை பேரும் வரணும்னாங்க. ஆளுக்கு ஒரு பலூன் குடுத்து ஊதச் சொன்னாங்க. பலூன் மேல உங்க பயத்தை எழுதுங்கன்னாங்க. நான் பாம்புன்னு எழுதுனேன். எனக்கு வேற பயம் இல்லையே. இப்ப எல்லாரும் உங்க பயத்தை உடைங்கன்னாங்க பாருங்க. முப்பது பலூன் அண்ணாச்சி. பட்டு பட்டு பட்டுன்னு. கண்ணாடி ஜாடி உடையிற மாதிரியே சத்தம்.

அந்த நேரம் பாத்து என் விசில் கீழ விழுந்துடுச்சு. அதை எடுக்க மேசைக்கு அடியில போனேன். விசில் கிடைக்கலை, கொஞ்ச நேரம் அங்கேயே தேடிக்கிட்டு இருந்தேன். காதைப் பொத்திக்கிட்டுத் தேடுனேன், சத்தம்ல. பாத்தா ஜெபக்கனியும் குனிஞ்சு மேசைக்கு அடியில வந்து என் பக்கத்துல உக்காந்துட்டா. “நானும் தேடுதேன் அண்ணே”ன்னா. பலூன் எல்லாம் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் தேடுனோம். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா, பாவம், அவளுக்குத்தான் எவ்வளவு பயம் இருந்திருக்கும். மேடம் குனிஞ்சு பாத்துட்டு, பிரமாதம், இதுதான் குழு ஒற்றுமைன்னு போட்டோ எடுத்தாங்க. விசில் எங்க இருந்ததுன்னு கேக்கீங்களா? என் கழுத்துலதான் இருந்தது. அதை விடுங்க.

மணி மூணே முக்கால். உங்களுக்குத் தண்ணி வேணுமா? இந்தாங்க, குடிங்க. வரும்போது உங்க கை ரெண்டும் முட்டியா இருந்தது, தெரியுமா?

சாயங்காலம் அவ வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் நான்தான் துணைக்குப் போவேன். அதுக்கு அவளே வந்து கேட்டா. “வெயிலண்ணே, தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாரீங்களா?”ன்னு. தினமும் போவேன், கம்பு எடுத்துக்கிட்டு. ரோட்டுல ஏதாவது பைக்கு டப்புன்னு சத்தம் போட்டா நான் நின்னுடுவேன். சர்க்கரை. உடனே அவளும் நின்னு, சுக்குக் காப்பி குடிச்சுட்டுப் போவோமேன்னு சொல்லுவா. காப்பியைக் குடிச்சுக்கிட்டே, தூக்கம் வருதா அண்ணே, சாப்பிட்டீங்களா அண்ணேன்னு கேப்பா. அவளுக்கு யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கும்ல. நானும் பொறுமையாப் பதில் சொல்லுவேன். அவ வீட்டுக்கு நேர் பஸ் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கும்னு ஆம்புலன்ஸ்காரன் சொல்லுதான். அவனுக்கு என்ன தெரியும்.

என் வேலை போகப் பாத்தது, அதையும் கேளுங்க. நான் இருபத்திரண்டு வருசம் நூல் மில்லுல வாட்ச்மேன். மில்லு மூடுனதும் இங்க வந்தேன். இந்த வயசுல இதையும் விட்டா எங்க போக? வாட்ச்மேன் டீக்கடைக்குப் போனதாலதான் அவன் உள்ள வந்தான், ஆளை மாத்துங்கன்னு ஆபீஸ்ல பேச்சு.

டீக்கடையா? ஆம்புலன்ஸ்னு சொன்னேனா? ஆமா, ஆம்புலன்ஸுக்கு வழி ஒதுக்கிட்டு அப்படியே டீக்கடைக்கு. ரெண்டும்தான்.

ரூம்ல விசாரணை. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன். ஜெபக்கனி காதுல பஞ்சோட உக்காந்திருக்கா. அவன் எப்படி உள்ள வந்தான்னு பெரிய டாக்டர் கேக்காரு. நான் தரையைப் பாக்கேன். அவ சொன்னா, “பின்பக்கம், துணி துவைக்கிற பக்கத்துக் கதவு திறந்திருந்தது சார். அந்த வழியாத்தான் வந்திருப்பான்.” அதோட விடலை. “நான் திரும்ப அந்த வார்டுக்குப் போகணும்னா, கேட்டுல வெயிலண்ணன் இருக்கணும். அவர் இல்லன்னா நான் இல்லை”ன்னுட்டா. பாத்தீங்களா என் மதிப்பை! எத்தனையோ செக்யூரிட்டி இருக்கான், ஆறடி இருக்கான், மீசை வச்சிருக்கான். அவளுக்கு நான்தான் வேணும். வீட்டுல சொன்னேன், எம் பொண்டாட்டி நம்பவே இல்லை.

அந்தப் பின்பக்கத்துக் கதவை மறுநாளே வெல்டிங் வச்சு அடைச்சுட்டாங்க. துணி துவைக்கிற பொம்பளைங்க இப்ப அழுக்கு மூட்டையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரியையே சுத்தி வாராங்க. சாமி கும்புடாமலே பிரகாரம் சுத்துதோம்னு என்னைப் பாத்துத் திட்டிட்டுப் போறாங்க. அந்தக் கதவு என்ன பாவம் பண்ணுச்சு அண்ணாச்சி.

அது ஒரு பாவமும் பண்ணலை.

உங்களை மறுபடி எங்க பாக்கப் போறேன். தம்பி நாலு நாள்ல வீட்டுக்கு வந்துடுவான், நீங்க கழுகுமலைக்குப் போயிடுவீங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன.

நான் ஆம்புலன்ஸுக்கும் போகலை, டீக்கடைக்கும் போகலை. இங்கதான் இருந்தேன். இந்த நாற்காலியில. அவன் வந்தான். வாங்குன பழத்தைத் தரையில எறிஞ்சான். போன் பண்ணா எவனும் எடுக்க மாட்டேங்கான், எங்க அப்பாவுக்கு என்னாச்சுன்னு கேட்டைப் பிடிச்சு ஆட்டுனான். நீங்க ஆட்டுனீங்களே, அதே மாதிரி. மூணு தடவை நாலு மணிக்குத்தான்னு சொன்னேன். நாலாவது தடவை அவன் கம்பி வழியாக் கையை விட்டு என் சட்டையைப் பிடிச்சான். நான் திறந்துட்டேன். பயத்துல திறந்துட்டேன் அண்ணாச்சி. திறந்து, மாடி எந்தப் பக்கம்னு கையையும் காட்டுனேன். அவன் போனதும் அப்பாடான்னு இருந்தது. அப்பாடான்னு மூச்சு விட்டேன் பாருங்க, மேல சத்தம் கேட்டுச்சு.

ஒரு போன் போட்டிருக்கலாம். கோவமா ஒருத்தன் வாரான் பாத்துக்கோன்னு ஒரு வார்த்தை. போன் இந்தா, கை எட்டுற தூரத்துலதான் இருந்தது.

இதை அவகிட்ட ஒரு தடவை சொல்லிட்டேன். சத்தியமா. பஸ் ஸ்டாப்புல வச்சு, எல்லாத்தையும், சட்டையைப் பிடிச்சதுல இருந்து. என்ன, நான் அவளோட இடது பக்கம் நின்னு சொன்னேன். கேக்காத காதுப் பக்கம். சொல்லி முடிச்சதும் அவ மெதுவாத் திரும்பி, “பஸ் வருதா அண்ணே?”ன்னா. ஆமா வருதுன்னேன். பஸ் வரலை. அவ பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பின்பக்கமாத்தான் வந்தான்னு நம்பிக்கிட்டு இருக்கா.

என்ன அண்ணாச்சி, மேல பாக்கீங்க? ஜன்னலையா? அதுல என்ன இருக்கு? ஆமா, அங்க நின்னா கேட்டு தெரியும். நாற்காலி தெரியும். என் வழுக்கை வரைக்கும் தெரியும், ஜெபக்கனி கேலி பண்ணுவா. ஏழாம் நம்பர் கட்டிலா? அது ஜன்னலை ஒட்டி இருக்கிற கட்டில். அன்னைக்கு அவ விரிப்பை மாத்திக்கிட்டு... விரிப்பை உதறணும்னா ஜன்னல் பக்கமா...

அவன் கேட்டை அந்த ஆட்டு ஆட்டுனானே. யாரா இருந்தாலும் எட்டிப் பாப்பாங்கல்ல.

பாத்திருக்கா.

பாத்துட்டு, பின்பக்கத்துக் கதவுன்னு சொல்லியிருக்கா. நான் இல்லன்னா வர மாட்டேன்னு சொல்லியிருக்கா. மேசைக்கு அடியில வந்து விசிலைத் தேடியிருக்கா. நேர் பஸ்ஸை விட்டுட்டு என்னோட நடந்து வந்து, தினமும் சுக்குக் காப்பி வாங்கிக் குடுத்து, தூக்கம் வருதான்னு... யாருக்கு யாரு துணைக்குப் போனோம் அண்ணாச்சி? காதுல அறை வாங்குனவ அவ. ஒரு மாசமா நான் கம்பை எடுத்துக்கிட்டு முன்னால நடக்கேன். கம்பு! சிரிப்பா வருது. இருங்க, சிரிச்சுக்கிடுதேன். கண்ணுல தண்ணி வருதுன்னு பாக்காதீங்க, சிரிச்சாலும் வரும்.

நாலாயிடுச்சு. எந்திரிங்க, எந்திரிங்க. பாருங்க, எம்புட்டுக் கூட்டம் நிக்கு பின்னால.

அந்தா வந்துட்டா, ஜன்னல்ல. கையைக் காட்டுதா பாருங்க. நான் இருக்கேனான்னு பாக்கலை, எப்படி இருக்கேன்னு பாக்கா. இப்ப விசில் ஊதக் கூடாது. நானும் கையைத்தான் காட்டணும். நடுக்கம் தெரியுதா? பரவாயில்லை, அவளுக்குத் தெரியாததா.

திறக்கேன், ஒவ்வொருத்தராப் போங்க. அண்ணாச்சி, நீங்க முதல்ல. தூக்குச்சட்டியை மறந்துடாதீங்க. மாடி ஏறினதும் பச்சைத் திரை, அதுக்குள்ள மூணாவது கட்டில் உங்க தம்பி. வாசல்லயே வெள்ளை உடுப்புல நிப்பா, அவதான். அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். வலது பக்கமா நின்னு சொல்லுங்க. “நான் மூணேகாலுக்கே வந்து கேட்டைப் பிடிச்சு ஆட்டுனேன், திட்டுனேன், அந்த ஆளு நாலு மணிக்குத்தான் திறந்தான்”னு சொல்லுங்க.